வடிகால் யார் வீட்டு வழியாக?

குன்னூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பு. மழையில் பாதி சரிந்துபோன சாலைக்காகக் கூட்டம். ஒருவருக்குக் கருங்கல் தடுப்புச்சுவர் வேண்டும், இன்னொருவருக்குக் கம்பிவலைக்குள் அடுக்கிய கல். யூடியூப் பார்த்து வந்த தம்பிக்கு ‘சாயில் நெய்லிங்’, மலைக்கே ஆணியடிப்பாராம். சரிவில் வெட்டிவேர் நடச் சொன்ன கட்சிக்குத்தான் கைதட்டல், செலவு குறைவல்லவா!

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைக் கண்ட மேஸ்திரி எழுந்தார். “மண்ணுக்குள்ள தேங்குற தண்ணிதாங்க தள்ளுது. எந்தச் சுவர் கட்டினாலும் நீர் கசிய ஓட்டை விடணும், மேல வடிகால் வெட்டணும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். வடிகால் யார் இடத்தில் போகும் என்றதும், ஓடையை மூடிக் கார் ஷெட் போட்டவர், “டீ ஆறிடும், குடிங்க” என்றார்.

ஒருமனதாக நிறைவேறியது ஒரு தீர்மானம்: ‘மெதுவாகச் செல்லவும்’ பலகை வைப்பது.