அறுபது அடி

சென்னை திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரம் முழுக்க மணல். மழையைக் குடித்து, கடல்நீரைத் தள்ளி நிறுத்தி, நல்ல தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தது. பைசா கேட்கவில்லை. டெண்டர் விடாமல் நடக்கிற வேலை நமக்குப் பிடிக்குமா? அந்த மணலில் செப்டிக் டேங்கை இறக்கினோம்.

டேங்கில் வழிவது உறிஞ்சு குழிக்குப் போகும். அதிலுள்ள அம்மோனியாவை மணலில் இருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும். கிருமியை மணல் ஓரளவு பிடித்து வைக்கும். நைட்ரேட்டைப் பிடிக்காது. அது தண்ணீரோடு இறங்கி, அடுத்த வீட்டு போர்வெல்லில் ஏறி, சம்ப்பில் வந்து உட்காரும். நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. அதிகாரிகளுக்கு இதைவிட வசதியான மாசு கிடைக்காது. நாறியிருந்தால் மறியல் நடந்திருக்கும்.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் இருக்கலாம், அதற்கு மேல் சலுகை இல்லை என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அளவு மீறினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவாவில் காம்லி என்ற மருத்துவர் கிணற்றுத் தண்ணீரைக் காட்டி இதை 1945லேயே எழுதிவிட்டார். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டு மாதிரிகளில் 37 சதவீதத்துக்கு மேல் வரம்பைத் தாண்டியவை. கிராமமென்றால் யூரியா மேல் பழியைப் போடலாம். திருவான்மியூர் வால்மீகி நகரில் யார் நாற்று நடுகிறார்கள்?

விதி இல்லாமல் இல்லை. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர் வேண்டும். சுமார் அறுபது அடி. சென்னையில் ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, நாற்பதுக்கு அறுபது. குழியை வாசலிலும் கிணற்றைக் கொல்லை மூலையிலும் வைத்தால் விதி திருப்தி அடையும். ஆனால் நம் கொல்லைக்குப் பின்னால் இன்னொருவர் வீடு, அவருடைய குழி. அரை கிரவுண்ட்காரர் விதியைப் படிக்காமலிருப்பதே அவர் மனநிம்மதிக்கு நல்லது. அடுக்குமாடிக்குக் கையெழுத்துப் போட்டவர் படித்தாரா என்று கேட்காதீர்கள். அவருக்கும் மனநிம்மதி வேண்டாமா?

திருவான்மியூரைத் தாண்டினால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை. 2011ல் மாநகராட்சியில் சேர்த்தார்கள். பலகை உடனே மாறியது. பத்தாண்டு கழித்தும் அங்கே பல தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும்தான் கதி. மண்டலம், வார்டு, எல்லை எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன. மணலுக்கு யாரும் நகல் அனுப்பவில்லை.

காலடியில் இருந்த நல்ல தண்ணீரைக் கழிப்பறையாக்கிவிட்டு, நெம்மேலியில் கடலைக் குடிநீராக்குகிறோம். இரண்டாவது ஆலையை 2024ல் திறந்தார்கள். செலவு 1,500 கோடி ரூபாய்க்கு மேல். உப்பை எடுக்கக் காசு இருக்கிறது. கழிவைக் கொண்டுபோகக் குழாய் கேட்டால் "ஆய்வில் இருக்கிறது".

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவுரை வரும். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. வாங்கினால் நைட்ரேட் பிரியும். பிரிந்த கழிவுநீர்? அதே செப்டிக் டேங்குக்கு. சுழற்சிப் பொருளாதாரம் என்று மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, அதை நாம் வீட்டிலேயே நடத்துகிறோம்.

அரசால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2003ல் மழைநீர் சேகரிப்புக்குக் கெடு வைத்து, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு கட் என்று மிரட்டி, வீடு வீடாக வேலை வாங்கியது இதே அரசு இயந்திரம்தான். மழை விழும் இடத்தை எட்டிப் பார்த்த அதே கண்களுக்குப் பக்கத்தில் இருந்த செப்டிக் டேங்க் மூடி மட்டும் தெரியவில்லை.

ஐயா, இன்னொரு ஆய்வுக்குழு வேண்டாம். ஒவ்வொரு தெருவின் நைட்ரேட் அளவையும் வார்டு அலுவலக வாசலில் ஒட்டுங்கள். பள்ளம் தோண்ட ஆள் அனுப்புங்கள். கூடவே குழாயையும் அனுப்புங்கள்.