சுங்கச்சாவடி தாண்டாத வானவில்

ஜூன் பிறந்தால் சென்னை ஓ.எம்.ஆர். கம்பெனிகளின் லோகோவில் வானவில் ஏறும்; ஜூலை 1 காலையில் வெளுத்துவிடும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் பல்லைப் பிடுங்கியதிலிருந்து ஹெச்.ஆருக்குத் துணிச்சல். கருணை மட்டும் காரணமில்லை. நல்ல புரோகிராமர் பெங்களூருக்கு ஓடிவிடுவார், வெளிநாட்டு வாடிக்கையாளர் கேள்வி கேட்பார். இருக்கட்டுமே, இணையருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைத்தால் கசக்கவா போகிறது?

வெள்ளிக்கிழமை இரவு விழுப்புரம் பஸ்ஸில்தான் சிக்கல். பரனூர் சுங்கச்சாவடியில் 'இணையர்', 'ரூம்மேட்' ஆகிறார். ஆத்தூர் சாவடியில் 'கூட வேலை பார்க்கிற பையன்'. திண்டிவனத்தில் இறங்கும்போது அப்படியொரு ஆளே இல்லை, "தம்பிக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்கும் பெரியம்மா மட்டும் இருக்கிறார்.

இத்தனைக்கும் சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகளால் விழுப்புரம் லாட்ஜுகள் நிரம்பும். அழகிப் போட்டிக்கு ஊரே கைதட்டும். திருநங்கை வேறு, தன்பாலீர்ப்பு வேறு என்று ஆரம்பித்தால், "எல்லாம் ஒண்ணுதானே சார்" என்பார் வீட்டுக்காரர்.

"அப்போ ரெண்டு பசங்க சேர்ந்து வந்தா வீடு குடுப்பீங்களா?"

"தாராளமா. பொண்ணுங்களைக் கூட்டிட்டு வரக் கூடாது, அவ்வளவுதான்."