எய்தவர்களுக்கு ஒரு கையேடு

கம்பெனி நடத்துகிறீர்கள். வழக்குகளை வெளி வக்கீல்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அவர்கள் என்ன செய்தாலும் உங்கள் சட்டையில் கறை படக் கூடாது, அவ்வளவுதானே? கீழே உள்ள வழிகள் எல்லாம் பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸ் கம்பெனியில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. அரசுக்குச் சொந்தமான கம்பெனி; ஆகவே தரத்துக்குக் குறைவில்லை.

1. வக்கீலிடம் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். ஜெயிக்கச் சொல்லுங்கள். எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பதில் வந்துவிடும்.

2. எதிராளி எவ்வளவு சின்னவரோ அவ்வளவு பெரிய செலவு செய்யுங்கள். பிரிட்லிங்டன் என்ற கடலோர ஊரில் கிளை அஞ்சலகம் நடத்தியவரின் கணக்கில் 25,000 பவுண்டுக்கு மேல் குறைகிறது என்றது கம்பெனியின் கணக்குக் கணினியான ஹொரைசன். கணினியில்தான் கோளாறு என்றார் அவர். கம்பெனி வழக்குப் போட, தானே வாதாடி, 2007இல் தோற்றார். வழக்குச் செலவாக அவர் தலையில் விழுந்தது 3,21,000 பவுண்டு. மனிதர் திவால். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்று போர்டில் யாராவது முணுமுணுத்தால் மினிட்ஸில் ஏற்றாதீர்கள்.

3. மினிட்ஸ் என்றதும் நினைவு வருகிறது. எழுதாதீர்கள். எழுதியாயிற்றா? கிழியுங்கள். 2013இல், ஹொரைசன் கோளாறுகளைப் பேசும் வாராந்தரக் கூட்டத்தின் குறிப்புகளைக் கிழிக்கச் சொன்னதாகத் தகவல் கசிந்தது. வெளி வக்கீல் நிறுவனத்தின் பாரிஸ்டர் ஒருவர், அப்படிச் செய்யவே கூடாது என்று ஆகஸ்டில் எழுதிக் கொடுத்தார். பாருங்கள், காசு கொடுத்து வைத்த வக்கீல்!

4. இப்படி உண்மையைச் சொல்லித் தொலைக்கிற வக்கீலும் வாய்ப்பார். பதற வேண்டாம். அதே பாரிஸ்டர், கம்பெனிக்காகப் பல வழக்குகளில் சாட்சியம் தந்தவரும், ஹொரைசனைச் செய்துகொடுத்த ஃபுஜிட்சு நிறுவனத்தின் பொறியாளருமானவர் தனக்குத் தெரிந்த கோளாறுகளைக் கோர்ட்டில் சொல்லவில்லை, இனி அவரை நம்பக் கூடாது என்றும் ஜூலையிலேயே எழுதியிருந்தார். கோப்பின் மேல் ‘சட்ட ஆலோசனை, ரகசியம்’ என்று எழுதிப் பூட்டுங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அது வெளியே வந்தது 2020 நவம்பரில். ஏழு வருஷம் தாங்குகிற பூட்டு கடையில் கிடைக்காது.

5. தீர்ப்பு பிடிக்கவில்லையா? நீதிபதியையே மாற்றச் சொல்லுங்கள். கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் கூட்டாகப் போட்ட வழக்கில், 2019 மார்ச்சில் அதைத்தான் செய்தார்கள், உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவரிடமே யோசனை கேட்டு. நீதிபதி மறுத்தார், மேல்முறையீட்டிலும் நடக்கவில்லை. நஷ்டமில்லை, ‘பெரிய வக்கீல்கள் சொன்னார்கள்’ என்ற ஒரு வரி கைக்கு வந்துவிட்டது.

6. கடைசியில் சமாதானம். அந்த வழக்கைப் போட்ட 555 பேருக்கு 5.775 கோடி பவுண்டு. வக்கீல் ஃபீஸும் வழக்குக்குப் பணம் போட்டவர்களின் பங்கும் போக, அவர்களுக்கு மிஞ்சியது சுமார் 1.2 கோடி. தோற்கும்போதும் கைதேர்ந்தவராகத் தோற்க வேண்டும்.

7. பொது விசாரணை வந்தால், “வக்கீல் சொன்னபடி செய்தோம்” என்று சொல்லுங்கள். வக்கீல், “கட்சிக்காரர் சொன்னபடி செய்தோம்” என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். நீங்கள் தாராளமாக அம்பை நோகுங்கள். ஃபீஸ் கொடுத்ததே அதற்கும் சேர்த்துத்தான்.

2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டு, ஹொரைசன் கணக்கை வைத்துத் தண்டிக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோரின் தண்டனையை ரத்து செய்தது. நஷ்டஈட்டை அரசு கஜானா பார்த்துக்கொள்கிறது. நீங்கள் வக்கீலின் பாக்கியை மட்டும் உடனே தீர்த்துவிடுங்கள். அடுத்த வழக்குக்கும் அவர் வேண்டும்.