தண்ணீரில் கண்டம்

கேள்வி: தீயணைப்பு வீரர்களின் சின்னத்தில் சிலுவை ஏன்? (ஒரு வாசகர், உதியன்குளங்கரை)

பதில்: சிலுவைப்போரில் எரியும் தோழர்களைக் காப்பாற்றிய மால்டா வீரர்களின் அடையாளம் என்பார்கள். கதை ஜோர்! ஆனால் அவர்கள் மால்டாவுக்குக் குடிபோனதே அந்தப் போர்கள் ஓய்ந்து வெகுகாலம் கழித்து, 1530-ல்தான்.

அமெரிக்காவில் பலர் அணிவது புனித புளோரியன் சிலுவை. ஒரே வாளித் தண்ணீரில் பெருந்தீயை அணைத்தவர் என்பது ஐதீகம். அவரையே 304-ல் ரோமானியர்கள் ஆற்றில் அமுக்கிக் கொன்றார்களாம். அணைப்பவருக்குத் தண்ணீரில் கண்டம்!

நமக்குச் சின்னத்தைவிட ஒரு தேதிதான் முக்கியம். 1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் பக்கம் பக்கமாக. அடுப்படியில் பட்டாசை அடுக்கிய புத்தி! பஞ்சு புகைந்தது, கப்பல் வெடித்தது. அணைக்கப் போன 66 வீரர்கள் திரும்பவில்லை. ஆண்டுதோறும் அன்றைக்குச் சட்டையில் குத்தும் குட்டிக் கொடி, அவர்களுக்காக.