இது திமிங்கிலம் எனக் கொள்க

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் பொடியன்கள் இரண்டு வகை: மெத்ஸ், பயோ. கலையும் வர்த்தகமும் தொழினுட்பமும் படிப்பவர்கள் இதைக் கேட்டால் கோபிப்பார்கள். ஆனால் இந்தப் பிரிவினையைச் செய்தது மெத்ஸ் பொடியன். அவர் கண்ணுக்கு அவர்கள் தெரிவதேயில்லை. தெரிகிற பயோக்காரருக்கும் பெரிய மதிப்பில்லை. "அது பாடமாக்கிற பாடம், மச்சான்." தீர்ப்பு முடிந்தது.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். சீனக்குடாப் பக்கம் பஸ்ஸில் போனால், பிரிட்டிஷ்காரர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளுமானால் மொத்தம் எவ்வளவு என்று பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லுவார். அவர் கேட்டிருக்க மாட்டார். பிரெட்ரிக் கோட்டை வாசலில் புள்ளிமான்கள் வழிமறித்தால் மற்றவர்கள் படமெடுப்பார்கள். இவர் எண்ணுவார்.

அங்கேதான் சனி பிடித்தது. "எண்ணின மானையே திருப்பி எண்ணியிருந்தா?" என்று ஒரு பயோக்காரி சும்மா கேட்டுவைத்தாள். மான் நிற்கிற இடத்தில் நிற்காது. மெத்ஸ் புத்தகத்தில் மான் இல்லை. அன்றிரவு நித்திரை போயிற்று. பயோக்காரியிடமே புத்தகம் இரவல் வாங்கிப் பார்த்தால், விடை அதற்குள் இருக்கிறது. முதல் நாள் 40 மானை அடையாளம் வைத்துக்கொள். அடுத்த வாரம் 30 மானைப் பார். அதில் 12 பழைய ஆட்கள் என்றால், நாற்பதை முப்பதால் பெருக்கிப் பன்னிரண்டால் வகு. மொத்தம் 100 மான். எல்லா மானையும் பார்க்காமலே கூட்டத்தை எண்ணிவிடலாம்! ஒவ்வொரு மானின் உடம்பிலும் புள்ளிக் கோலம் வேறு வேறு என்பதால் சாயமும் பூசத் தேவையில்லை. பயோவுக்குள் இப்படியொரு கணக்கை ஒளித்துவைத்துவிட்டு, இத்தனை காலமும் தனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று அவருக்கு ஆத்திரம்.

பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. விளைமீன் குழம்புக்குத் தலையைக் காணோம் என்று அம்மா தேடினால், அது மேசையில் பிளந்து கிடக்கும். மீனின் தலைக்குள் செவிக்கல் இருக்கிறது, மரத்தைப்போல அதிலும் வளையங்கள் விழும், எண்ணினால் வயது தெரியும் என்று விளக்கம் வரும். "வயசு தெரிஞ்சு என்ன மகன், கலியாணமா பேசப்போற?" அப்பாவின் பேப்பர் வாசிக்கும் லென்சால் பார்த்தால் ஒரு வளையமும் தெரியாது. குழம்பும் போயிற்று. சந்தையிலும் இதே கதை. சூடை மீனை ஒவ்வொன்றாக நீளம் பார்க்கிறவரிடம் வியாபாரி, "தம்பி, எடுக்கிறதெண்டா எடுங்க, இல்லாட்டி விலகுங்க, ஆக்கள் நிக்கினம்" என்பார்.

மதம் மாறியவருக்குக் குலதெய்வமும் வேண்டுமே. கிடைத்தவர் ஹால் வைட்ஹெட். கேம்பிரிட்ஜில் தூய கணிதம் படித்துவிட்டு, விலங்கியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பத்து மீற்றர்ப் பாய்ப்படகில் வந்து, திருகோணமலைக் கடலிலும் எண்ணெய்த் திமிங்கிலங்களின் பின்னால் திரிந்தவர். இங்கே துறைமுக வாயிலிலிருந்தே கடல் அதலபாதாளமாக இறங்குகிறது. ஆழத்தில் கணவாய் தேடும் அந்தப் பெரிய சீவன்களுக்கு அது வாசலோடு சாப்பாட்டுக்கடை. முக்கால் மணி நேரம் மூச்சடக்கி முக்குளிக்கிறவற்றைக் கண்ணால் தொடர முடியாது. ஆகவே தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, 'டிக், டிக்' சத்தம் வரும் திசையில் போனார்கள். வால் விளிம்பின் வெட்டுக்காயங்களைப் படமெடுத்து ஆளுக்கு ஆள் இனங்கண்டார்கள். கோட்டை வாசல் மான் கணக்கேதான், தலைகள் மட்டும் பெரிது.

அதிலும் ஒரு சங்கதி பொடியனைப் பித்தாக்கிவிட்டது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் ஒரு 'டிக்'குக்குள் பல சிறு துடிப்புகள் உண்டு. சத்தம் அதன் பூதாகரமான தலைக்குள் முன்னும் பின்னும் போய்வருவதால் வருபவை. துடிப்புகளின் இடைவெளியை அளந்தால் தலையின் நீளம் வரும். தலையிலிருந்து உடலின் நீளம் வரும். அந்தப் படகில் வேலை செய்த ஜோனதன் கோர்டன், இலங்கைக் கடலில் பதிந்த சத்தங்களைக்கொண்டே இந்த முறையைச் சோதித்தார். நாடாவும் வேண்டாம், ஈட்டியும் வேண்டாம்.

2002இல் வைட்ஹெட், உலகத்தில் ஏறத்தாழ 360,000 எண்ணெய்த் திமிங்கிலங்கள் என்று கணக்கிட்டார். 2022இல் அவரே இன்னொருவரோடு சேர்ந்து திரும்பக் கணக்கிட்டு, ஏறத்தாழ 845,000 என்றார். மெத்ஸ் வகுப்பில் விடையை இப்படி மாற்றினால் பூச்சியம். இங்கே அது புது ஆய்வுக்கட்டுரை. பொடியன் சொக்கிப்போனது இதில்தான் என்று நினைக்கிறேன்.

பழைய மெத்ஸ் கூட்டாளிகள் துரோகி என்று நக்கலடித்தால் ஹார்டியை இழுத்துவருவார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டி. தன் கணிதம் ஒன்றுக்கும் உதவாது என்பதில் பெருமைப்பட்ட மனிதர். 1908இல், கூடக் கிரிக்கெட் விளையாடும் மரபியலாளர் பனெட் ஒரு சந்தேகம் கேட்க, சின்னப் பெருக்கல் கணக்கால் அதைத் தீர்த்து ஒரு கடிதம் எழுதினார். இன்றைக்கு உயிரியல் மாணவர்கள் அவர் பெயரை ஹார்டி–வைன்பேர்க் என்று பாடமாக்குகிறார்கள்.

பாடப்பிரிவை பயோவுக்கு மாற்றிய செய்தி பரவியதும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

"அப்ப டொக்டர்தான்!" என்றார் மாமா.

"இல்ல மாமா, திமிங்கிலம் எண்ணப்போறன்."

தேத்தண்ணி ஆறியது. மாமா பக்குவமாகக் கேட்டார்: "அப்பிடி எண்ணி ஆரும் நல்லா இருக்கினமா?"

"வைட்ஹெட் இருக்கிறார். ஹலிஃபக்ஸ் டல்ஹௌசி யூனிவர்சிற்றியில புரொபெசர்."

"அது எங்க?"

"கனடாவில."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொடியன் விரும்பிறதைப் படிக்கட்டும்" என்று அம்மாவைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். மாமி அன்றிரவே ரொறன்ரோவிலிருக்கும் தம்பிக்குக் கோல் எடுத்து, ஹலிஃபக்ஸுக்கு அங்கிருந்து பஸ் இருக்கிறதா என்று விசாரித்தார். ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் என்று பொடியன் கணக்குச் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.