ராணி இடத்தில் புலி!

கேள்வி: மங்கோலியர்களின் சதுரங்கத்தில் ராணியே கிடையாதாமே, நிஜமா?
- வாசகி ஒருவர், மதுரை

பதில்: நிஜம்தான்! 'ஷதர்' என்கிற அந்த ஆட்டத்தில், ராணி நிற்க வேண்டிய கட்டத்தில் பெரும்பாலும் சிங்கமோ புலியோ உறுமிக்கொண்டு நிற்கும். அது நேராக எவ்வளவு தூரமும் பாயலாம். பழைய விதிப்படி, குறுக்கே ஒரு கட்டம்தான். அமைச்சருக்குப் பதில் ஒட்டகம், கோட்டைக்குப் பதில் வண்டி. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடிப் போகிறவர்களுக்குக் கோட்டை எதற்கு?

மரத்தில் கையால் செதுக்கிய பழைய செட் ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். ஒட்டகத்துக்கு இரண்டு திமில் இருக்கும், கோபி பாலைவனத்து ஒட்டகம் மாதிரியே. சில செட்களில் சிப்பாய்களுக்குப் பதில் நாய்க்குட்டிகள்!

இன்னொரு வேடிக்கை. குதிரை முதுகிலேயே வளர்கிற மக்கள், ராஜாவுக்குக் கடைசி அடி கொடுக்கும் உரிமையைக் குதிரைக்குத் தரவில்லை. அது 'செக்' வைக்கலாம், 'மேட்' செய்யக் கூடாது.

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் காய்கள் ஊரெல்லாம் ஒன்றுதான். உளி தொட்ட காய்க்குத்தான் தனி முகம் உண்டு. அந்தக் கைவேலை அவசியம் பிழைத்திருக்க வேண்டும்.