கோடைத் துணி நிபுணர்

கோடைத் துணி நிபுணர் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத் துணிக்கடைகளில் பங்குனி பிறந்ததும் தென்படுவார். பெரும்பாலும் பெண்; வயது முப்பத்தைந்துக்கு மேல். கையில் கட்டைப்பை, அதற்குள் அளவு ஜாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும். கூடவே ஒரு நாத்தனார் வருவார். யோசனை கேட்பதற்கென்று அழைத்து வரப்பட்டு, யோசனை சொல்ல அனுமதிக்கப்படாதவர் அவர்.

நிபுணர் தென்படும் காலத்தை வயல்தான் தீர்மானிக்கிறது. தையில் அறுத்த சம்பா நெல்லின் பணம் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் அடகு நகைக்கும் போய்விடும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நெற்பயிருக்குள் தெளித்துவிட்ட உளுந்து, இரண்டு மாதம் கழித்துக் காசாகும். அதில் ஒரு பங்கு துணிக்கு என்பது பல வீடுகளில் பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்துவிட்டால் பணம் மறுபடியும் குறுவைக்கு இறங்கிவிடும். ஆகவே அவகாசம் குறைவு. கத்திரி வெயிலையும் வைகாசி முகூர்த்தங்களையும் ஒருசேரச் சமாளிக்கும் துணியை அதற்குள் எடுத்தாக வேண்டும்.

நிபுணரின் கொள்கை ஒரே வரி: “காட்டன்தான் உடம்புக்கு நல்லது.” விஞ்ஞானமும் இதை மறுப்பதில்லை. பருத்தி இழை சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். லினன் அதற்கும் மேல். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. வாய்க்காலும் கடற்காற்றும் சேர்ந்து புழுக்கும் டெல்டாவில் வியர்வை லேசில் காயாது. அதை உறிஞ்சி வெளியே விடுகிற துணிதான் உடம்பைக் காக்கும். இந்தக் கணக்கெல்லாம் நிபுணருக்குத் தெரியாது. ஆனால் பாலியஸ்டர் கலப்பு எவ்வளவு என்பதை அவர் முதுகு பஸ் ஏறுவதற்குள் சொல்லிவிடும்.

கடைக்குள் நுழைந்ததும் பரிசோதனை தொடங்கும். முதலாவது, கசக்கல். துணியின் மூலையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிவிட்டுத் திறப்பார். சுருக்கம் விழுந்தால் பருத்தி. விழாவிட்டால் கடைக்காரப் பையனுக்கு ஒரு பார்வை. இரண்டாவது, தேய்த்தல். இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கும்போது வெள்ளையாக உதிர்ந்தால், மொடமொடப்பெல்லாம் கஞ்சியின் உபயம் என்று பொருள். வடிகஞ்சியில் வேட்டி முக்கி வளர்ந்த ஊர்க்காரரிடம் இந்த வித்தை பலிக்காது. மூன்றாவது, வெளிச்சம். துணியை வாசலுக்குக் கொண்டுபோய், எதிர்க்கடை போர்டைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பார். படிக்க முடிந்தால் காற்று வரும், மானம் போகும். நான்காவது, சாயம். கைக்குட்டையை நனைத்து ஓரத்தைத் துடைப்பார். ஐந்தாவதுதான் உச்சம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கல்லாவில் சாமி படத்துக்கு முன் எரியும் விளக்கில் காட்டுவார். பருத்தி நூல் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கருமணியாக உறையும். முதலாளி அந்தப் பக்கம் திரும்பாமல் ரூபாய் எண்ணிக்கொண்டிருப்பார்.

துணி வகைகளிலும் இவருக்குத் தெளிவு உண்டு. ஜாக்கெட்டுக்கு 2x2 ரூபியா: நெடுக்கிலும் குறுக்கிலும் இரட்டை முறுக்கு நூல் ஓடுவதால் மெல்லிசாக இருந்தும் தையல் விட்டுப்போகாது. பாவாடைக்கு பாப்ளின். வாயிலும் மல்மலும் காற்றுப் போல இருக்கும். மூன்றாவது துவைப்பில் வடிவமும் காற்றோடு போய்விடும் என்பது இவர் தீர்ப்பு. லினன் ஆளிச் செடியின் தண்டு நார். குளிர்ச்சிக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை, விலை கேட்டால்தான் வியர்க்கும். ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. வழவழவென்று விழும், ஈரத்தில் பலம் இழக்கும். எதுவாக இருந்தாலும் தைக்கக் கொடுக்குமுன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் சுருங்கி, அடுத்த வருஷம் மகளுக்குத்தான் ஆகும். பன்னா 36 அங்குலமா 44 அங்குலமா என்று கேட்காமல் மீட்டர் சொல்வதில்லை.

இவ்வளவும் முடிந்து, மேஜை மேல் பிரித்த துணி மலையாகக் குவிந்த பிறகு, நிபுணர் மெல்லக் கேட்பார்: “ஏன் தம்பி, இப்ப எது ஓடுது?”

கடைக்காரப் பையன் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். “இதப் பாருங்கக்கா, கலம்காரி டிசைன், புதுசு” என்று ஜார்ஜெட் ஒன்றை எடுத்து உதறுவான். பாலியஸ்டர்தான். ஆனால் அதே மாதிரி ஒன்றை ராத்திரி சீரியலில் மருமகள் போட்டிருந்தாள். எதிர்வீட்டு இன்ஜினியர் பெண்ணும் போட்டிருந்தாள். விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். இந்தத் துணியிலிருந்து நூல் உருவப்படாது.

இந்தப் பலவீனத்தைக் குறையாகச் சொல்வதற்கில்லை. இதற்கு அரச பரம்பரை உண்டு. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கொள்ளிடக் கரையில் கோடாலிக் கருப்பூரில் நெய்த சேலை, மெல்லிய பருத்திதான். ஆனால் வெறும் பருத்தியாக விட்டார்களா? ஊடே சரிகை ஓட்டி, மெழுகு தடவி மறைத்து, மேலே சிவப்புச் சாயம் ஏற்றி, தங்கம் அடியிலிருந்து மினுங்கும்படி செய்தார்கள். 1855இல் இரண்டாம் சிவாஜி மறைந்து அரசுரிமை முடிந்தபின் வாங்க ஆளின்றி அந்த நெசவு நின்றுபோயிற்று. வெயிலுக்குப் பருத்தி, பார்ப்பவருக்குப் பகட்டு என்ற தத்துவத்தைக் காவிரிக்கரை அன்றே கண்டுவிட்டது. நிபுணர் அதில் பருத்தியை மட்டும் கழித்திருக்கிறார்.

அடுத்த கட்டம் டெய்லர். துணியைத் தூக்கிப் பார்த்ததுமே அவர் சொல்வார்: “அக்கா, இது தெரியும். லைனிங் கொடுக்கணும்.” நிபுணரின் முகம் மலரும். லைனிங் காட்டன் அல்லவா! “உள்ள காட்டன்தானே, உடம்புல படுறது அதுதானே” என்று நாத்தனாரிடம் விளக்கி, கொள்கை காப்பாற்றப்பட்டதாக அறிவிப்பார். காற்றுக்காக எடுக்கப் போன துணி இரண்டு அடுக்காகி, கழுத்துக்குக் கேன்வாஸும் ஓரத்துக்குப் பட்டையும் ஏறி வரும். வைகாசிக் கல்யாணத்தில் அதைப் போட்டுக்கொண்டு, மண்டபத்து ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியை விட்டு எழாதவர் யாரோ, அவரே நிபுணர். துணி நல்லா இருக்கு என்று நாலு பேர் சொல்லிவிட்டால் வெயில் ஒரு பொருட்டே இல்லை.

மற்ற நாட்களில், காலை முதல் விளக்கு வைக்கும் வரை, இவர் இருப்பது நைட்டியில். காய்கறி வண்டி வந்தால் தோளில் ஒரு துண்டு கூடும். பருத்தி, வெளிர் நிறம், தொளதொளப்பு, லைனிங் இல்லை, துவைத்துத் துவைத்து மெலிந்த இழை: கோடை உடைக்கு உரிய இலக்கணம் அத்தனையும் பொருந்திய துணி அது ஒன்றுதான். அதை வாங்கியது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து நடைபாதையில், பஸ் கிளம்ப ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது. கசக்கிப் பார்க்கவில்லை, சாயம் போகுமா என்றுகூடக் கேட்கவில்லை.